உப்புச்சட்டைக்காரர்

ஆங்கிலம் படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். ஓய்வு பெற்றவளை யார் கூப்பிடுகிறார்கள் என்று சந்தோஷமாகத்தான் வந்தேன். உங்களில் ஒருவர் தயாரித்திருந்த பயிற்சித் தாளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இடது பக்கத்தில் கென்னிங்குகள், வலது பக்கத்தில் விடைகள், கோடு கீறிச் சேர்க்க வேண்டும். "பிள்ளைகளுக்கு லேசாக இருக்கும் ரீச்சர்" என்றார் அவர். லேசாகத்தான் இருக்கும். சோறு சாப்பிடுவதற்குப் பதிலாகச் சோறு என்ற சொல்லை எழுதுவதும் லேசுதான்.

அன்று நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பினேன். கோபப்படக் கூடாது என்று வைத்தியரும் சொல்லியிருக்கிறார். ஆகவே ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

கென்னிங் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆங்கிலோ சாக்சன் காலத்துக் கவிஞர்கள் ஒரு பொருளின் பெயரைச் சொல்லாமல், இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டி அதைச் சுட்டுவார்கள். கடல் என்பதற்குத் திமிங்கிலத்தின் தெரு. உடம்பு என்பதற்கு எலும்பு வீடு. அந்தக் கட்டுக்குத்தான் கென்னிங் என்று பெயர். அது அவர்களுக்குப் பொதுச்சொத்து. ஒரு கவிஞன் கட்டியதை அடுத்தவன் எடுப்பான், கேட்கிறவர்களுக்கும் முன்பே பழக்கம். இன்றைய கவிஞர்களுக்கு அந்தப் பொதுப்பெட்டி இல்லை. தன் வீட்டுக் குசினி அடுப்படியிலிருந்து, தன் முற்றத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துவந்து முன்பின் தெரியாதவர்களிடம் நீட்ட வேண்டும். அதனால்தான் புதிய கென்னிங் எழுதுவது கஷ்டம். அதனால்தான் நன்றாக வந்துவிட்டால் நெஞ்சைப் பிடிக்கிறது.

பயிற்சிக் கலாசாலையில் எனக்கு இதைப் படிப்பித்த ஆசிரியை அம்மா அதிகம் பேசமாட்டார். ஒருநாள் நான் இதெல்லாம் விடுகதைதானே என்று கேட்டேன். "விடை தெரிஞ்சவுடன விடுகதை முடிஞ்சுபோம். இது விடை தெரிஞ்சாப் பிறகுதான் தொடங்கும்" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். விளங்கியது வன்னியிலே, ஒட்டுசுட்டானில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். நான் அங்கே ஒரு பாடசாலையில் படிப்பித்தேன். உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுக்க ஆளில்லை. ஆனால் விரும்பிய பிள்ளைகளுக்காகப் பின்னேரங்களில் ஒரு வகுப்பு வைத்திருந்தேன். கொட்டில் வகுப்பறை, மேலே தென்னங்கிடுகு, பக்கத்திலே குண்டுக்குப் பதுங்கும் பங்கர். பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த ஊர்க்காரர், வயலும் காடும் அவர்கள் உலகம். மீதிப்பேர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். கடலோடு பிறந்தவர்களை அலைச்சத்தம் கேளாத இடத்தில் கொண்டுவந்து இருத்தினால் எப்படி இருக்கும் என்று அவர்களைப் பார்த்துத்தான் அறிந்தேன். பாடம் நடக்கும்போது காற்று கொஞ்சம் பலமாக அடித்தால், எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்புவார்கள். அந்தப் பக்கம்தான் கடல்.

கென்னிங்கை அவர்களுக்கு விளங்கப்படுத்த நான் புத்தகம் திறக்கவில்லை. "காட்டுப் பாதையில் போகும்போது யானையை என்னவென்று சொல்லுவீர்கள்?" என்று ஊர்ப்பிள்ளைகளைக் கேட்டேன். "பெரியவர்" என்றார்கள் ஒரே குரலில். பெயரைச் சொன்னால் அவர் வந்துவிடுவார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பெயரைத் தொடாமல் ஆளைத் தொடுவது எப்படி என்று படிப்பிக்க நான் யார்? அவர்களுக்கு அது நடைபாதைப் பழக்கம்.

பிறகு, ஆகாய விமானத்துக்கு ஒரு கென்னிங் எழுதச் சொன்னேன். வகுப்பு முழுக்க 'இரும்புப் பறவை' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் வெட்டினேன். உருவத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது சோம்பேறி வேலை, அது உங்களுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள் என்றேன். குகன் என்று ஒரு விவசாயி மகன் இருந்தான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"எங்கட வளவில மூண்டு தரம் பங்கர் வெட்டியாச்சு ரீச்சர். ஐயாவுக்குக் குனிஞ்சு குனிஞ்சு நாரி பிடிச்சுப் போச்சு. எல்லாம் அவராலதான். 'கிடங்கு வெட்டுவிக்கிறவர்' எண்டு எழுதட்டோ?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றே அவர் குண்டோடு வந்தார். பங்கருக்குள் இருட்டில் நெருக்கிக்கொண்டு இருந்தபோது, யாரோ ஒரு பிள்ளை மெல்லிய குரலில், "கிடங்கு வெட்டுவிச்சவர் வந்து பாக்கிறார், ஆழம் காணுமோ எண்டு" என்றது. அந்தப் பயத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல கென்னிங் எது என்று யாராவது கேட்டால், பங்கருக்குள்ளும் நிற்பது என்று சொல்லுவேன்.

இனி றெஜினாவின் கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

றெஜினா கரைப்பிள்ளை. தாய் திரேசக்கா. குகனின் வீட்டு வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு இருவரும் இருந்தார்கள். தகப்பன் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. அதன் பிறகுதான் இடம்பெயர்ந்தார்கள். அவர் வந்தால் தங்களை எங்கே தேடுவார் என்பதுதான் திரேசக்காவின் ஓயாத கவலை.

'வீட்டில் உள்ள ஒருவருக்குக் கென்னிங் எழுதுங்கள்' என்று ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். றெஜினா தமிழில் 'உப்புச்சட்டைக்காரர்' என்று எழுதி, ஆங்கிலத்தில் உப்பையும் சட்டையையும் ஒட்டி எழுதியிருந்தாள். வகுப்பிலே ஒருவருக்கும் பிடிபடவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவரோ என்றான் குகன். ஆனையிறவு உப்பளத்தில் யாரோ சொந்தக்காரர் இருப்பார்கள் என்றாள் இன்னொருத்தி.

"அப்பா" என்றாள் றெஜினா. "அம்மா பேர் சொல்லமாட்டா. 'உப்புச்சட்டைக்காரர் வந்திட்டாரோ எண்டு பார் பிள்ளை' எண்டுதான் சொல்லுவா. கடலால வந்தா அப்பான்ர சட்டை காஞ்சு தகடு மாதிரி நிக்கும் ரீச்சர். அதில ஒண்டை அம்மா கொண்டு வந்தவா. தோய்க்காமல் வைச்சிருக்கிறா."

அந்தக் காலத்துப் பெண்கள் புருஷனின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் அம்மாமார் எல்லாரும் அப்படித்தான். ஆயுள் முழுக்கக் கென்னிங் கட்டியே குடும்பம் நடத்தியவர்கள். றெஜினாவின் தகப்பனுடைய பெயரை நானும் பிறகு அறிந்துகொண்டேன். ஆனால் இங்கே எழுதமாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அடுத்து நடந்தது ஒரு நல்ல மனுஷி செய்த வேலை. குகனின் தாய்க்கு இந்த இரண்டு பேர்மேலும் உருக்கம். துணி தோய்க்கிற சவுக்காரம் கண்ணிலே காணக் கிடைக்காத காலம் அது. யுத்தத்தால் வன்னிக்கு வரத் தடைசெய்த சாமான்களோடு அதுவும் சேர்ந்திருந்தது. யாராவது ஒளித்துமறைத்துக் கொண்டுவந்தால் ஒரு கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி மாதக்கணக்கில் பாவிப்போம். ஒருநாள் திரேசக்கா நிவாரணம் எடுக்கப் போயிருந்தபோது, கொட்டிலுக்குள் ஊத்தையாக, விறைப்பாக ஒரு சட்டை மடித்திருப்பதை அந்த மனுஷி கண்டார். பாவம், தோய்க்க வழியில்லாமல் வைத்திருக்கிறாள் என்று நினைத்தார். தன் கடைசித் துண்டுச் சவுக்காரத்தைப் போட்டு, கிணற்றடியில் அடித்துத் தோய்த்து, கொடியிலே காயப் போட்டுவிட்டார். வயலும் வண்டலும் தெரிந்த ஒருவருக்கு, அழுக்கு அழுக்குத்தான்.

திரேசக்கா திரும்பி வந்து கொடியைப் பார்த்தார். கிட்டப் போய்ச் சட்டைக் கையைத் தொட்டார். துணி மெத்தென்று இருந்தது.

"நல்ல வெள்ளையாத் தோய்ச்சிருக்கிறியள் தங்கச்சி. உங்கட சவுக்காரமெல்லாம் முடிஞ்சிருக்குமே" என்றாராம். அவ்வளவுதான். உள்ளே போனவர் அன்று அடுப்பு மூட்டவில்லை. இதை எனக்குச் சொல்லும்போது றெஜினா அழவில்லை. குகனின் தாய்க்கு விஷயம் தெரியவந்தபோது அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுததையும் சொல்ல வேண்டும். யாரை நோவது?

இது நடந்தது ஒக்ரோபர் மாதக் கடைசியில். நவம்பர் தொடக்கத்தில் கத்தோலிக்கருக்கு மரித்த ஆத்துமாக்களின் நாள் வரும். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைப் பாதரிடம் கொடுப்பார்கள். அவர் பூசையில் ஒவ்வொன்றாக வாசித்துச் செபிப்பார். றெஜினாவின் பெரியப்பா சூசை அண்ணை அந்த முறை தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டார்.

சூசை அண்ணை கரையிலே வள்ளங்கள் வைத்திருந்த ஆள். ஒட்டுசுட்டானில் குளத்துமீன் பிடித்து விற்றார். குளத்துமீனை அவரே வாயில் வைக்கமாட்டார். ஒருநாள் பாடசாலை விட்ட பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ரீச்சர், உங்களோட ஒரு கதை. பாதர் பேரை வாசிச்சா எழும்பிப் போயிடுவன் எண்டு திரேசா நிக்கிறா. நீங்கள் சொன்னா அவா கேப்பா."

"அவர் இல்லையெண்டு உங்களுக்கு நிச்சயமோ அண்ணை?"

"நிச்சயமெண்டு ஆர் சொன்னது?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு குரல் இறங்கியது. "உயிரோட இருந்தா ஒரு செபத்தால அவனுக்கு என்ன குறையப் போகுது? ஆனா செத்திருந்தானெண்டா? இத்தினை வரியமா அவனுக்கெண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்கிறம். தம்பியை அப்பிடி விடலாமோ ரீச்சர்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் திரேசக்காவிடம் போனேன். சூசை அண்ணையின் பக்கத்தைப் பேசி முடிக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அவர் கதிரையை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் இருந்தார்.

"கோயிலில அவற்ற பேரை ஒரு விசயத்துக்குத்தான் வாசிச்சது ரீச்சர். எங்கட கலியாண ஓலையில. இன்னாரை இன்னார் கட்டப்போறார் எண்டு மூண்டு ஞாயிறு வாசிப்பினம், உங்களுக்குத் தெரியும்தானே. வெக்கத்தில நான் தலையை நிமித்தேல்ல. ஆனாக் காதைத் தீட்டி வைச்சுக்கொண்டு கேட்டனான். அந்தப் பேரை இப்ப செத்தவையோட கேக்கச் சொல்லுறியளோ?"

நான் கொட்டில் மூலையில் மடித்திருந்த சட்டையைப் பார்த்தேன்.

"சட்டையிலயும் இப்ப ஒண்டுமில்லை" என்றார் அவர். "பிள்ளை உங்கட வகுப்பில எழுதினதெண்டு காட்டினவள். அது ஒண்டிலதான் இன்னும் உப்புக் கிடக்கு."

பிள்ளைகளே, இவ்வளவு நாளும் நான் கென்னிங்கை அணி என்று படிப்பித்தேன். பரீட்சைக்கு அப்படி எழுதினால் புள்ளி கிடைக்கும், எழுதட்டும். ஆனால் அந்தக் கொட்டிலுக்குள் அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று அப்போது கண்டேன். பெயரைச் சொன்னால் ஆள் ஒரு பக்கம் விழுந்தாக வேண்டும், இருக்கிறவர் பக்கம் அல்லது இல்லாதவர் பக்கம். உப்புச்சட்டைக்காரர் என்றால் அவர் கடலால் வந்துகொண்டே இருப்பார்.

நான் திரேசக்காவையும் சூசை அண்ணையையும் கூட்டிக்கொண்டு பாதரிடம் போனேன். நான் சைவக்காரி, அங்கே எனக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. மரித்தவர்களின் பெயர்கள் முடிந்த பிறகு, இன்னும் வீடு வராதவர்களுக்காக ஒரு செபம் சொல்ல முடியுமா, அதிலே இந்தச் சொல்லை வாசிக்க முடியுமா என்று கேட்டேன்.

"பட்டப்பேரைக் கோயிலில வாசிக்கிறதோ? இது ஒரு வீட்டுக் கதை. ஆருக்கு விளங்கும்? கடவுளுக்குத்தான் ஆரெண்டு விளங்குமோ?" என்றார் சூசை அண்ணை.

"கடவுளுக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும் அத்தான்?" என்றார் திரேசக்கா.

பாதர் இளம் ஆள். "செத்தவையோட வாசிக்கவும் எனக்கு உரிமையில்லை, இருக்கிறார் எண்டு சொல்லவும் எனக்குத் தெரியாது. ரீச்சர் சொன்னபடி செய்து பாப்பம்" என்றார். சூசை அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு குடும்பத்தை இரண்டாக்கிவிட்டேனோ என்ற பயம் எனக்கு வந்தது.

அந்த நாளில் நானும் போனேன். இடம்பெயர்ந்தவர்களுக்காகப் போட்ட கிடுகுக் கோயில். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதர் மரித்தவர்களின் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு விசும்பல் கேட்டது. சூசை அண்ணை தூணோடு நின்றார். திரேசக்கா பாயிலே குனிந்தபடி இருந்தார். பட்டியல் முடிந்தது. தம்பியின் பெயர் வரவில்லை. சூசை அண்ணையின் தாடை இறுகியதை நான் கண்டேன்.

"இன்னும் வழியில் இருக்கிறவர்களுக்காகவும் மன்றாடுவோம்" என்றார் பாதர். கொஞ்சம் தயங்கினார். "உப்புச்சட்டைக்காரருக்காக."

பின்னுக்கு இருந்த பெடியன்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். ஒரு மனுஷியின் உயிரைச் சபையிலே கொண்டுவந்து பகிடிப் பொருளாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். சூசை அண்ணை சொன்னது சரி, ஒரு வீட்டுச் சொல் ஒரு வீட்டோடு நிற்க வேண்டியது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு வயதான குரல் வந்தது. "தேத்தண்ணிக்குச் சண்டை பிடிக்கிறவருக்காக."

பாதர் அந்தப் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறக்குமுன் இன்னொரு குரல். "முற்றத்தில நிண்டு மணி அடிக்கிற சைக்கிள்காரனுக்காக." அது ஒரு தாய். மகனைச் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் விளங்கியது. யாரும் விளங்கப்படுத்தவில்லை. "பொய் சொல்லிப்போட்டுச் சிரிக்கிறவனுக்காக." "என்ர தலையில பேன் பாக்கிறவளுக்காக." ஒவ்வொன்றுக்கும் சபை மன்றாட்டுச் சொன்னது. ஒருவரும் ஒரு பெயரையும் சொல்லவில்லை. ஒரு வீட்டுச் சொல்லைக் கேட்டதும், ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தார்கள். சிரித்த பெடியன்களில் ஒருவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தான். நானும் ஒன்று சொன்னேன், சைவக்காரியாக இருந்தும். என்னவென்று கேட்காதீர்கள். யுத்தத்தால் பாதை பூட்டியிருந்த காலம் அது, எனக்கும் அங்கால் பக்கம் ஒருவர் இருந்தார்.

குரல்கள் ஓய்ந்த பிறகு தூணடியிலிருந்து சூசை அண்ணையின் குரல் வந்தது. கரையிலே வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுப் பழகிய குரல், அன்று பக்கத்தில் இருப்பவருக்கும் அரைகுறையாகத்தான் கேட்டது.

"என்ர முதுகில நித்திரையாப் போறவனுக்காக."

அண்ணன் தம்பி இருவருக்கும் தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாளாம். தம்பியை முதுகிலே சுமந்து வளர்த்தவர் அவர்தான் என்று றெஜினா பிறகு சொன்னாள். திரேசக்கா தலையை நிமிர்த்தி அத்தானைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் இந்தச் சண்டை வரவில்லை.

இதைத்தான் உங்களிடம் அன்று சொல்ல வந்தேன். பிள்ளைகளிடம் முதலில் விடையைக் கேட்காதீர்கள். உன் வீட்டில் பெயர் சொல்லாமல் யாரைக் கூப்பிடுகிறார்கள், ஏன் சொல்லமாட்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் எழுதிவந்தால், இரண்டு சொற்களில் எதையாவது எடுத்துவிட்டால் ஏதாவது குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் இரக்கமில்லாமல் வெட்டுங்கள். குறைந்தால் கையை எடுங்கள். அதற்கு மேல் அது உங்கள் சொத்தல்ல. பழைய ஆங்கிலக் கவிஞர்களைப் பிறகு காட்டுங்கள். கடலைத் திமிங்கிலத்தின் தெரு என்று சொன்னவனுக்கும், அந்தத் தெருவால் யாரோ வர வேண்டி இருந்திருக்கும் என்று பிள்ளைகளே சொல்லுவார்கள்.

சில வருஷங்களுக்குப் பிறகு, கரைச்சனங்கள் திரும்பிப் போகலாம் என்று ஒரு காலம் வந்தது. றெஜினா வந்து கூப்பிட்டாள், நான் பஸ் ஏறிப் போனேன். பாதிச் சுவர் இடிந்த வீடு, புதிதாகக் கிடுகு போட்டிருந்தார்கள். முற்றத்துக் கொடியிலே ஒரு ஆம்பிளைச் சட்டை தனியாகக் கிடந்தது. கடற்காற்று அப்படி அடித்தும் அது ஆடவில்லை. கைகள் இரண்டும் தகடாக நீட்டிக்கொண்டு நின்றன. எனக்குத் தெரிந்த சட்டைதான். நான் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றதைத் திரேசக்கா குசினி வாசலிலிருந்து கண்டுவிட்டார்.

"கடலில தோய்ச்சுப் போடுறனான் ரீச்சர்" என்றார். "வந்து போடேக்க அவருக்குப் பழக்கமா இருக்க வேணும்."